எந்த வரி முதலில்?

சி மொழி படிக்கத் தொடங்குபவர் முதல் வாரத்திலேயே பாயின்டரைச் சந்தித்துவிடுகிறார். அதுதான் பாயின்டர் என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. கீபோர்டிலிருந்து ஓர் எண்ணை வாங்க ‘ஸ்கேன்எஃப்’ எழுதும்போது, மாறியின் பெயருக்கு முன்னால் & குறியைப் போடச் சொல்கிறார்கள். அதே எண்ணைத் திரையில் காட்ட ‘பிரின்ட்எஃப்’ எழுதும்போது அந்தக் குறி வேண்டாம். ஏன் என்று கேட்டால், “இப்போதைக்கு அப்படியே எழுது, பின்னால் வரும்” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

காரணம் எளிது. சி மொழியில் ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு மாறியைக் கொடுத்தால் அந்த மாறி போவதில்லை, அதிலுள்ள மதிப்பின் நகல்தான் போகிறது. திரையில் காட்ட நகல் போதும். மாறிக்குள் புது எண்ணை எழுதிவைக்க வேண்டுமென்றால் அது நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். & அந்த முகவரியைத் தருகிறது. முகவரியும் ஓர் எண்தான். அந்த எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் மாறிக்குப் பாயின்டர் என்று பெயர். இன்றைய 64 பிட் கணினிகளில் அது 8 பைட் இடம் பிடிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

இதைக் கேட்டுத் தலையாட்டும் மாணவர்தான் அடுத்த மாதம் பாயின்டர் என்றாலே ஒதுங்குகிறார். குற்றத்தில் ஒரு பங்கு குறியீட்டினுடையது. பாயின்டரை அறிவிக்கவும் நட்சத்திரக் குறி, அது காட்டும் இடத்திலுள்ள மதிப்பை எடுக்கவும் அதே நட்சத்திரக் குறி. ‘இன்ட் *பி, கியூ’ என்று ஒரே வரியில் எழுதினால் பி மட்டும்தான் பாயின்டர், கியூ வெறும் முழு எண். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, 1993-இல் அதன் வரலாற்றை எழுதியபோது இதைத் தயங்காமல் ஒப்புக்கொண்டார். அறிவிப்பும் பயன்பாடும் ஒரே உருவில் இருப்பது, அரேக்கும் பாயின்டருக்கும் உள்ள உறவு, இரண்டுமே புதிதாகக் கற்பவர்களை இடறச் செய்கின்றன என்றார். மொழியைப் படைத்தவரே சொல்லிவிட்ட பிறகு மாணவரை என்ன சொல்வது?

இன்னொரு பங்கு பாடத்தினுடையது என்பேன். பாயின்டர் பாடம் எப்போதும் முகவரியை அச்சிட்டுப் பார்ப்பதில்தான் தொடங்கும். நம் கல்லூரிகளில் நெடுங்காலம் கோலோச்சிய டர்போ சி-யில் 65524 போல ஏதோ ஓர் எண் வரும். அதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். பாயின்டர் இல்லாமல் நடக்கவே நடக்காத ஒரு வேலையைக் கையில் கொடுத்தால்தான் அது எதற்கு என்று உறைக்கும். லிங்க்டு லிஸ்ட் அப்படி ஒரு வேலை.

லிங்க்டு லிஸ்ட் பிறந்ததும் தேவையில்தான். 1950-களின் நடுவில் ராண்ட் நிறுவனத்தின் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, அவர்களுடன் ஹெர்பர்ட் சைமன் மூவரும் தர்க்கத் தேற்றங்களைத் தானே நிரூபிக்கும் ‘லாஜிக் தியரிஸ்ட்’ என்ற நிரலை எழுதினார்கள். வொயிட்ஹெட்டும் ரஸ்ஸலும் எழுதிய ‘பிரின்கிபியா மாத்தமாட்டிகா’வின் இரண்டாம் அத்தியாயத்தில் முதல் 52 தேற்றங்களில் 38-ஐ அது நிரூபித்தது. ஒரு நிரூபணம் எவ்வளவு நீளும் என்று ஓட்டிப் பார்க்காமல் தெரியாது. முன்கூட்டியே இடம் ஒதுக்கினால் வீணாகலாம், போதாமலும் போகலாம். ஆகவே ஒவ்வொரு துண்டையும் நினைவகத்தில் காலியாக இருந்த இடத்தில் போட்டு, அடுத்த துண்டு எங்கே என்ற முகவரியை அதனுடனேயே எழுதிவைத்தார்கள். பெட்டிகளும் அம்புகளுமாக இன்று கரும்பலகையில் வரையும் படம், நியூவெல்லும் ஷாவும் 1957-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இருக்கிறது.

ஒரு சின்ன லிஸ்டைப் பார்ப்போம். அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு கண்ணி. கண்ணி ஒவ்வொன்றிலும் இரண்டு அறை: ஒன்றில் எண், மற்றதில் அடுத்த கண்ணியின் முகவரி. 10 என்ற கண்ணி 1000 என்ற முகவரியில் இருக்கிறது. அதன் ‘அடுத்தது’ அறையில் 2400 என்றிருக்கிறது. 2400-இல் 30. இடையில் 20-ஐச் சேர்க்க வேண்டும். நினைவகத்தில் இடம் ஒதுக்கித் தரும் ‘மாலாக்’ ஃபங்ஷனிடம் கேட்டு வாங்கிய புதுக் கண்ணி 1700-இல் கிடைக்கிறது. 20-இன் ‘அடுத்தது’ அறையில், 10-இடமிருந்து 2400-ஐ நகலெடுக்க வேண்டும். பிறகு 10-இன் அறையில் 1700 என்று மாற்ற வேண்டும். இரண்டே வரி.

இந்த இரண்டு வரியை இடம் மாற்றிப் பாருங்கள். முதலில் 10-இன் அறையில் 1700 ஏறுகிறது. அங்கிருந்த 2400 அழிந்துபோகிறது. அடுத்த வரி அதே அறையிலிருந்து நகலெடுக்கிறது. கிடைப்பது 1700. அதாவது 20 தன்னையே காட்டிக்கொண்டு நிற்கிறது. லிஸ்டை அச்சிட்டால் 10, 20, 20, 20 என்று நிறுத்தும்வரை ஓடும். 30-க்கு ஒன்றும் ஆகவில்லை, 2400-இல் பத்திரமாக இருக்கிறது. அதன் முகவரிதான் யாரிடமும் இல்லை. கம்பைலர் மூச்சுவிடாது, இலக்கணப்படி ஒரு பிழையும் இல்லையே. பாயின்டர் கணக்கில் சிக்கல் முகவரியில் இல்லை, எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. தாளில் அம்புகளை வரைந்து, வரிக்கு ஓர் அம்பாக அழித்துப் போட்டுப் பார்த்தவருக்கு இது ஒரே தடவையில் பிடிபடும்.

லிஸ்டை அழிக்கும்போதும் இதே கதை. ஒரு கண்ணியை ‘ஃப்ரீ’ செய்து, அதாவது அதன் இடத்தை விடுவித்துவிட்டு, அதே கண்ணியிடம் அடுத்தது எங்கே என்று கேட்கிறார்கள். கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி புத்தகமே இதை வழக்கமான தவறு என்று காட்டி, அடுத்த முகவரியை முதலில் குறித்துக்கொள்ளச் சொல்கிறது. வீட்டை இடித்த பிறகும் முகவரிச் சீட்டு சட்டைப்பையில் கிடக்கும் அல்லவா, அதுபோல ‘ஃப்ரீ’ செய்தாலும் பாயின்டரில் பழைய எண் அப்படியே இருக்கும். அங்கே போனால் பழைய மதிப்பு கிடைக்கலாம், குப்பை கிடைக்கலாம், நிரலே விழலாம். பழைய மதிப்பு கிடைப்பதுதான் ஆபத்து. நிரல் சரி என்று நம்பிவிடுவோம். மாணவர் தவறுதானே என்று தள்ளிவிடவும் முடியாது. குரோம் பிரவுசருக்கு அடிப்படையான குரோமியத்தில் கண்ட கடுமையான பாதுகாப்புப் பிழைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைக் கையாள்வதில் வந்தவை. அதில் பாதி, விடுவித்த இடத்தை மறுபடி தொட்டதால் வந்தவை. எழுதியவர்கள் தேர்ந்த பொறியாளர்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய லிஸ்ட், வேகத்தில் சாதாரண அரேயிடம் தோற்பதும் உண்டு. இன்றைய பிராசசர் நினைவகத்திலிருந்து பொதுவாக 64 பைட்டை ஒரே வீச்சில் அள்ளிவருகிறது. அரேயில் 16 முழு எண்கள் சேர்ந்து வந்துவிடும். சிதறிக் கிடக்கும் கண்ணிகளுக்கு ஒவ்வொன்றாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனாலும் லினக்ஸ் கெர்னல் முழுக்க லிங்க்டு லிஸ்ட்தான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2016-இல் டெட் மேடையில், ஒரு கண்ணியை நீக்கும் நிரலை இரண்டு விதமாகக் காட்டினார். பாடநூல் வழியில் முந்தைய கண்ணி எது என்று நினைவில் வைத்துக்கொண்டே போக வேண்டும். நீக்க வேண்டியது முதல் கண்ணியாக இருந்தால் அதற்கு முந்தையது கிடையாது. அதற்கென்று தனியாக ஓர் ‘இஃப்’. இரண்டாவது வழியில் முந்தைய கண்ணியைப் பற்றிய கேள்வியே எழுவதில்லை. நீக்க வேண்டியதன் முகவரி எந்த அறையில் எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்கிறார். அது லிஸ்டின் தலைமாறியாக இருக்கலாம், ஏதோ ஒரு கண்ணியின் ‘அடுத்தது’ அறையாக இருக்கலாம். முகவரி வைத்திருக்கும் அறை என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான். அந்த அறையைக் காட்டும் பாயின்டருக்கு இரண்டு நட்சத்திரம் போட வேண்டியிருக்கிறது. ‘இஃப்’ தேவைப்படவில்லை.