காலடிப்பேட்டையில் ஹை ஹீல்ஸ்: தாத்தாவும் போட்டார், பேரனும் போடுகிறான்!

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பழைய ஆல்பம் இருக்கிறது. அதன் முதல் படம், அப்பா - அம்மா கல்யாண வரவேற்பில் எடுத்தது. வருடம் 1977. இடம், திருவொற்றியூர் காலடிப்பேட்டை. அம்மா பட்டுப்புடவையில், வெறுங்காலோடு நிற்கிறார். பக்கத்தில் அப்பா. தரையைப் பெருக்குகிற மாதிரி பெல்பாட்டம் பேன்ட். அதற்குக் கீழே எட்டிப் பார்க்கிறது, மூன்று இன்ச் குதிகால் வைத்த ஷூ!

ஆமாம், அந்தப் படத்தில் ஹை ஹீல்ஸ் போட்டிருப்பது மாப்பிள்ளைதான்.

எத்தனையோ முறை பார்த்த படம். ஆனாலும் எனக்கு அது உறைக்கவே இல்லை. போன வருடம் அண்ணன் மகன் ஓர் அட்டைப்பெட்டியோடு வீட்டுக்கு வந்த அன்றுதான் உறைத்தது.

அவனுக்கு 19 வயது. காலேஜில் படிக்கிறான், டான்ஸ் ஆடுவான். ஹீல்ஸ் போட்டுக்கொண்டு ஆடுகிற நடனம் ஒன்று இப்போது ஊரெல்லாம் பரவியிருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, சேர்த்து வைத்த காசில் ஒரு ஜோடி வாங்கிவிட்டான். கறுப்பு நிறம், கட்டையான குதிகால்.

எண்ணூர் பக்கம் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அண்ணன், ஷிஃப்ட் முடிந்து வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். "இன்னாடா இது பொம்பள செருப்பு? தெருவுல நான் தலை காட்ட வேணாமா?" என்று கத்தினான். பையன் தலையைக் குனிந்துகொண்டான். வீடே மௌனமானது.

ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன அப்பா மட்டும் நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். "எத்தினி இன்ச்சுடா?"

அப்பாவின் பர்மா பஜார் ஷூ

அன்றைக்குத்தான் ஆல்பம் வெளியே வந்தது. அந்த ஷூவை பர்மா பஜாரில் வாங்கினாராம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் ராஜாஜி சாலையில் போட்ட கடைகள்தான் பர்மா பஜார். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருந்ததால், வெளிநாட்டுச் சாமான் என்றால் வடசென்னைக்கு முதலில் அதுதான்.

"பேன்ட்டு குதிகாலை மூடி தரையைத் தொடணும். அப்பதான் ஆள் நெட்டையா தெரிவான். ஷூ வாங்கிக்கினு அப்புறம்தான் பேன்ட்டுக்கு அளவு குடுப்போம்" என்றார் அப்பா. அந்தக் காலத்து சினிமா ஹீரோக்களைப் பாருங்கள். 1979ல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' படத்துப் பாட்டுக் கச்சேரிக் காட்சிகளில் பெல்பாட்டம்தான் ராஜா. 1970களில் உலகம் முழுவதும் ஆண்களின் ஷூ உயர்ந்தது. இங்கிலாந்தில் பாடகர் எல்டன் ஜான் மேடையில் போட்ட உயரத்தைப் பார்த்தால் இன்றைக்கும் தலை சுற்றும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, கீரை ஆய்ந்தபடியே ஒரு வார்த்தை சொன்னார். "எனக்கும் ஆசைதான். யாரு வாங்கிக் குடுத்தாங்க?"

அப்பாவிடம் பதில் இல்லை. அம்மாவின் அந்தக் கேள்விதான் என்னை இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது.

முதலில் போட்டது குதிரை வீரன்

ஹை ஹீல்ஸ் பெண்களுக்காகப் பிறந்ததல்ல. பாரசீகக் குதிரை வீரர்கள்தான் அதை முதலில் பயன்படுத்தியவர்கள் என்கிறார்கள் காலணி வரலாற்று ஆய்வாளர்கள். காரணம் அலங்காரம் இல்லை. குதிரையில் ஏறியதும் கால் வைக்கும் வளையம் இருக்கிறதல்லவா? குதிகால் உயரமாக இருந்தால் அந்த வளையத்தில் பாதம் வழுக்காமல் மாட்டி நிற்கும். வீரன் எழுந்து நின்று அம்பு விட முடியும்.

பாரசீகம் என்பது வடசென்னைக்கு அந்நியமான பெயர் இல்லை. ராயபுரத்தில் 1910ல் கட்டிய பார்சி அக்கினிக் கோயில் இன்றும் இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் பாரசீகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தான் பார்சிகள்.

1599ல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஐரோப்பாவுக்குத் தூதுக்குழு அனுப்பினார். பாரசீகப் பாணி மீது ஐரோப்பியப் பிரபுக்களுக்கு மோகம் பிறந்தது. குதிகால் உயர்ந்த ஷூ, வீரத்தின் அடையாளமாக ஆண்களின் காலில் ஏறியது. பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயி சிவப்புக் குதிகால் போட்டார். அரசவையைச் சேர்ந்தவர்களைத் தவிர வேறு யாரும் சிவப்புக் குதிகால் போடக் கூடாது என்று உத்தரவும் போட்டார். 1701ல் ஓவியர் ரிகோ வரைந்த அவரது படத்தில் அந்தச் சிவப்புக் குதிகாலை இன்றைக்கும் பார்க்கலாம்.

ஐரோப்பியப் பெண்களும் ஆண்களைப் பார்த்துத்தான் ஹீல்ஸ் போட ஆரம்பித்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்கள் அதைக் கைவிட்டார்கள். 'ஆண் என்றால் எளிமை, அலங்காரம் பெண்ணுக்கு' என்ற எண்ணம் அப்போது வலுத்திருந்தது. அதன் பிறகும் முழுதாக விட்டுவிடவில்லை. அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்களின் பூட்ஸில் குதிகால் இருந்தது. 1960களில் பீட்டில்ஸ் இசைக்குழுவினர் குதிகால் வைத்த பூட்ஸ் போட்டதும் இளைஞர்கள் அதன் பின்னால் ஓடினார்கள். அடுத்த பத்தாண்டில் எங்கள் அப்பா!

கனடாவின் டொரன்டோவில் பாட்டா காலணி அருங்காட்சியகம் இருக்கிறது. நம் ஊர்க் கடைவீதியெல்லாம் பார்க்கிற அதே பாட்டா குடும்பத்தின் பெயர்தான். அங்கே 2015ல் ஆண்களின் ஹை ஹீல்ஸ் வரலாற்றுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தினார்கள்.

நம் ஊர் உயரம்

காலை உயர்த்திக்கொண்டு ஆடுவது நமக்கும் புதிதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய 11 ஆடல்களில் ஒன்று மரக்கால் ஆடல். பாம்பும் தேளுமாக வடிவெடுத்து வந்த அசுரர்களை, கொற்றவை மரக்கால் மீது நின்று மிதித்து ஆடிய கதை அது. ஊர்த் திருவிழாக்களில் கட்டைக்கால் கட்டி ஆடுபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாமியார்கள் போட்ட பாதக்குறடு கூட உயரம் வைத்த மரச்செருப்புதானே?

இன்னொரு சுவாரஸ்யம். 'காலடிப்பேட்டை' என்ற பெயருக்கும் காலடிக்கும் சம்பந்தமே இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் இது. காலெட் பேட்டை, நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது!

இன்று போடும் ஆண்கள்

பிரான்ஸைச் சேர்ந்த நடனக் கலைஞர் யானிஸ் மார்ஷல், இரண்டு நண்பர்களோடு ஹீல்ஸ் போட்டு ஆடி, 2014ல் பிரிட்டனின் 'காட் டேலன்ட்' நிகழ்ச்சியில் இறுதிச்சுற்று வரை வந்தார். ஜெர்மனியில் வாழும் அமெரிக்கப் பொறியாளர் மார்க் பிரையன், அலுவலகத்துக்கே ஸ்கர்ட்டும் ஹை ஹீல்ஸும் போட்டுப் போகிறவர். உடைக்கும் செருப்புக்கும் ஆண், பெண் என்ற பேதம் தேவையில்லை என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் 2001ல் தொடங்கிய ஒரு நடைப்பயணத்தில், பெண்கள் மீதான வன்முறையை எதிர்த்து ஆண்கள் ஹீல்ஸ் போட்டு ஒரு மைல் நடக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இவர்களில் ஒருவர் ஆட்டத்துக்காகப் போடுகிறார். இன்னொருவர் பிடித்திருப்பதால் போடுகிறார். வேறு சிலர் ஒரு கொள்கைக்காகப் போடுகிறார்கள். காலில் இருக்கும் செருப்பை வைத்து ஒருவர் யார் என்று நாம் முடிவு செய்ய முடியாது.

ஆசை வேறு, கட்டாயம் வேறு

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. என் சித்தி மகள் ஓர் அலுவலகத்தின் வரவேற்பில் வேலை பார்த்தாள். ஹீல்ஸ் போட்டுத்தான் வர வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத விதி. காலையில் ஹவாய் செருப்போடு கிளம்பி மெட்ரோவில் போவாள். பையில் இருக்கும் ஹீல்ஸை அலுவலக வாசலில்தான் மாற்றுவாள். கன்டெய்னர் லாரி நெருக்கியடிக்கும் எங்கள் பக்கத்துச் சாலையில் ஹீல்ஸோடு நடந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ராத்திரி வந்ததும் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவாள். "அண்ணன் பையனுக்கு ஆசை, போடக் கூடாதுன்றாங்க. எனக்கு வேணாம், போட்டே ஆகணும்ன்றாங்க. இன்னா நியாயம்க்கா இது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

இதே கேள்வியை லண்டனில் நிக்கோலா தார்ப் என்ற பெண் கேட்டார். ஹீல்ஸ் போட மறுத்ததற்காக 2015ல் அவரை வரவேற்பாளர் வேலையிலிருந்து சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றமே அதை விவாதித்தது. 2017ல் பிலிப்பைன்ஸ் அரசு, பெண் ஊழியர்களை ஹை ஹீல்ஸ் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. 2019ல் ஜப்பானில் யூமி இஷிகாவா தொடங்கிய இயக்கத்தின் பெயர் 'குடூ'. ஜப்பானிய மொழியில் ஷூவுக்கும் வலிக்கும் உள்ள சொற்கள் ஒரே மாதிரி ஒலிக்குமாம். அதை வைத்து உருவான பெயர் இது.

நம் மாநிலத்திலும் கால்களுக்காக ஒரு சட்டம் வந்திருக்கிறது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. 2018லேயே கேரளா இதைச் செய்துவிட்டது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி.ரோடு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தெருவில் ஒரு தீபாவளி ஷாப்பிங் போனவர்களுக்கே தெரியும்.

ஆசைப்பட்டுப் போடுகிறீர்களா? இதைக் கவனியுங்கள்

குதிகால் உயர உயர, உடம்பின் எடை பாதத்தின் முன்பக்கத்துக்கு நகர்கிறது. கெண்டைக்கால் தசை சுருங்கியே இருக்கிறது. வருடக்கணக்கில் தினமும் ஹீல்ஸ் போட்ட பெண்களுக்குக் கெண்டைக்கால் தசை நார்கள் குறுகியும், குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் தடித்தும் இருப்பதை 2010ல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதனால் சில யோசனைகள், ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவாக.

* முதல் ஜோடி ஒன்றரை, இரண்டு இன்ச்சுக்கு மேல் வேண்டாம். ஊசிக் குதிகாலை விட, கட்டைக் குதிகாலில் தடுமாற்றம் குறைவு.

* முன்பக்க அடிப்பகுதியும் தடிமனாக இருக்கும் பிளாட்பாரம் வகையில் சரிவு குறையும். குதிகால் மூன்று இன்ச், முன்பக்கம் ஒரு இன்ச் என்றால் பாதத்துக்கு இரண்டு இன்ச் சரிவுதான்.

* சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு.

* பெண்கள் ஹீல்ஸ் பெரும்பாலான கடைகளில் 8ஆம் அளவோடு முடிந்துவிடும். பெரிய பாதம் உள்ள ஆண்கள், கிடைத்ததில் காலைத் திணிக்காமல் ஆர்டர் கொடுத்துச் செய்துகொள்வது நல்லது.

* வீட்டுக்குள் தினம் 20 நிமிடம் நடந்து பழகுங்கள். சின்ன அடி. குதிகால் முதலில், விரல் அடுத்து. பார்வை தரையில் அல்ல, நேராக.

* கழற்றியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைக்காலை இழுத்து விடுங்கள். 30 விநாடி, மூன்று முறை.

* குதிகாலின் நுனி ரப்பர் தேய்ந்தால் வழுக்கும். தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார்.

* கர்ப்பிணிகள், மூட்டுவலி உள்ளவர்கள், சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தவிர்ப்பது நல்லது. வளரும் பிள்ளைகளுக்கும் வேண்டாம்.

அம்மா சொன்ன திருத்தம்

அண்ணன் இன்னும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. ஆனால் கத்துவதை நிறுத்திவிட்டான். "தெருவுல போட்டுக்கினு போவாத, கிளாஸ்ல மட்டும் போடு" என்பது இப்போதைய உடன்படிக்கை. தெருப் பையன்கள் கிண்டல் செய்தால் என்ன செய்வது என்பதுதான் அவனுடைய உண்மையான பயம். தகப்பன் அல்லவா, அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு 68 வயது. மூட்டுத் தேய்மானம். டாக்டர் தட்டையான செருப்புதான் போடச் சொல்லியிருக்கிறார். 1977ல் கிடைக்காத ஹீல்ஸை இனி அவர் போடப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் ஹாலில் நடந்து காட்டினான். அப்பா கைதட்டினார். அம்மா மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குதிகாலை முதல்ல ஊனுடா. தோளை இறக்காத" என்றார்.

"பாட்டி, உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான் பேரன்.

"உங்க தாத்தாவுது போட்டுப் பாத்துருக்கேன்டா. யாரும் இல்லாதப்போ."