வெளியில் சொல்லக் கூசும் வலி

தலைவலி, பல்வலி, முதுகுவலி என்றால் நாலு பேர் நடுவில் தாராளமாகச் சொல்லிக் கொள்கிறோம். ஆளுக்கொரு கைவைத்தியமும் கிடைக்கும். பெண்ணுறுப்பின் வெளிப்புறத்தில் வலி என்றால் மட்டும் வாய் அடைத்துப் போகிறது. ரொம்ப நெருங்கிய சிநேகிதியிடம்கூட "கீழே கொஞ்சம் காந்துதுடி" என்பதோடு நிறுத்திக் கொள்வோம். அவளும் "உடம்பு சூடா இருக்கும், மோர் குடி" என்பாள். மோர் நல்லதுதான். ஆனால் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் விடாமல் இருக்கும் காந்தலுக்கு மோரும் இளநீரும் வெந்தயமும் போதாது. ஆறு வருஷம் இந்த உபாதையோடு குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் சில விஷயங்களை மனம் திறந்து எழுதுகிறேன். இளந்தாய்மார்கள் சங்கோஜப்படாமல் படிக்க வேண்டும்.

எனக்கு ஆரம்பித்தது நாற்பதை நெருங்கும் சமயத்தில். மிளகாய் அரிந்த கையோடு கண்ணைத் தொட்டால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி, யோனியின் வாயருகே. சும்மா இருக்கும்போது அவ்வளவு தெரியாது. ஏதாவது பட்டால்தான். நாப்கின் உரசினால், சுடிதார் இறுக்கினால், பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், ஸ்கூட்டர் பள்ளத்தில் இறங்கி ஏறினால் உயிர் போகும். தாம்பத்திய உறவு பல்லைக் கடித்துக் கொள்ளும் காரியமாகி, பிறகு அதுவும் முடியாமல் போயிற்று. கல்யாண வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக் கொண்டிருக்க, நான் மட்டும் பந்தி விசாரிக்கிற சாக்கில் நின்றுகொண்டே இருப்பேன். "எவ்வளவு சுறுசுறுப்பு பாரு" என்று பெயர் வேறு!

வைத்தியம் பார்க்காமல் இல்லை. முதல் டாக்டர் பரிசோதிக்காமலேயே 'ஃபங்கஸ்' என்று சொல்லி ஒரு க்ரீமும் மாத்திரையும் எழுதினார். கேட்கவில்லை என்றதும் வேறு க்ரீம். அடுத்த இடத்தில் ரத்தம், யூரின், ஸ்கேன் எல்லாம் எடுத்துவிட்டு, "எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒண்ணுமே இல்லை. மனசுதான் காரணம். எதிலாவது கவனத்தைத் திருப்புங்க" என்றார்கள். நார்மல் என்று கேட்டால் யாருக்கும் சந்தோஷம் வர வேண்டும். நான் அன்று பஸ் ஸ்டாண்டில், காலியாக இருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில், உட்கார முடியாமல் நின்றுகொண்டு அழுதேன்.

நர்ஸாக இருக்கும் நாத்தனார் மகள்தான் இன்னொரு லேடி டாக்டரிடம் அனுப்பினாள். அவர் முதலில் இருபது நிமிஷம் கேள்விதான் கேட்டார். எப்போது ஆரம்பித்தது, தானாக வலிக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, என்ன சோப்பு, என்ன மருந்து தடவியாயிற்று. பிறகு காது பட்ஸ் மாதிரி, பஞ்சு சுற்றிய ஒரு குச்சியை எடுத்தார்.

"அந்த இடத்தைக் கடிகாரம்னு நினைச்சுக்குங்கம்மா. மேலே 12 மணி, கீழே 6 மணி. நான் மெதுவா தொட்டுக்கிட்டே வரேன். எங்கே வலிக்குது, பத்துக்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

தொடையில் வலி இல்லை. வெளி உதடுகளில் இல்லை. யோனி வாயைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் 5 மணி, 6 மணி, 7 மணி வந்தபோது தூக்கிவாரிப் போட்டது. "எட்டு" என்றேன். அவர் ஒரு படம் வரைந்து அதில் குறித்துக் கொண்டார். "இது கற்பனை இல்லைம்மா, இதுக்குப் பேர் இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே பாதி பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

அந்தப் பெயர் 'வல்வோடினியா'. பெண்ணுறுப்பின் வெளிப்பாகத்தில் குறைந்தது 3 மாதமாக வலி இருந்து, அதற்குக் கண்ணுக்குத் தெரிகிற காரணம் எதுவும் இல்லாவிட்டால் அப்படிச் சொல்கிறார்கள். சிலருக்கு முழுப் பகுதியிலும் எரிச்சல் இருக்கும். எனக்குப் போல வாயருகே மட்டும், பட்டால் மட்டும் வலிப்பது இன்னொரு ரகம். நரம்பு நுனிகள் அதீதமாக விழித்துக் கொண்டு, லேசாகத் தொட்டாலே 'நெருப்பு' என்று மூளைக்குத் தந்தி அடிக்கின்றன. அடி வாங்கப் போகிறோம் என்று தெரிந்தவன் உடம்பை இறுக்கிக் கொள்வானே, அதுபோல இடுப்புக்கூட்டின் அடியில் தொட்டில் மாதிரி இருக்கும் தசைகளும் இறுகிக் கொள்கின்றன. இறுகினால் இன்னும் வலி. வலித்தால் இன்னும் இறுக்கம்.

இது இந்தக் காலத்து நாகரிக வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். 1880-லேயே நியூயார்க்கில் கெய்லார்ட் தாமஸ் என்ற மகளிர் மருத்துவர் இதைத் தம் புத்தகத்தில் விவரித்திருக்கிறார். அதன்பின் ரொம்ப காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1980-களில்தான் டாக்டர்கள் மறுபடி கவனிக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதியில் 18 முதல் 64 வயது வரையுள்ள ஏறக்குறைய 5,000 பெண்களை விசாரித்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் சுமார் 16 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு சமயம் 3 மாதத்துக்குக் குறையாமல் இப்படிப்பட்ட வலியை அனுபவித்திருக்கிறார்கள். நூற்றுக்கு 40 பேருக்குக் கொஞ்சம் குறைய டாக்டரிடமே போகவில்லை. போனவர்களில் 60 சதவீதம் பேர் மூன்று டாக்டர்களாவது பார்த்திருக்கிறார்கள். படித்த ஊரிலேயே அப்படி!

ஆனால் ஒன்று. எரிச்சல் என்றாலே இதுதான் என்று நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது. வேறு காரணம் எதுவும் இல்லை என்று பரிசோதித்துத் தெளிந்த பிறகுதான் இந்தப் பெயர் வைக்க வேண்டும். திரிந்த தயிர் மாதிரி வெள்ளைப்பட்டு அரித்தால் ஃபங்கஸாக இருக்கலாம். அது திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பார்ப்பது அவசியம். தோல் வெளுத்து, காகிதம்போல் மெலிந்து, ராத்திரியில் அரிப்பு தாங்கவில்லை என்றால் 'லைக்கன் ஸ்க்ளீரோசஸ்' என்ற தோல் வியாதி இருக்கலாம். அதற்கு நல்ல ஆயின்மென்ட் இருக்கிறது, ஆனால் டாக்டர் சொல்கிற அளவில் போட வேண்டும். கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் பிற்காலத்தில் புற்றுநோயாகவும் மாறக்கூடும். ஆறாத புண், கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுதல், இவற்றில் எது இருந்தாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள்.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பால் சுரக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்து அந்த இடம் வறண்டு போகும். தொட்டால் எரியும், உறவு வலிக்கும். பிரசவத்தில் போட்ட தையல் தழும்பும் சிலருக்கு வலிக்கும். "புள்ள பெத்தா அப்படித்தான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வறட்சி பெரும்பாலும் பால் மறந்ததும் சரியாகிவிடும். அதுவரை சகித்துக் கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை, டாக்டரிடம் கேளுங்கள். மாதவிலக்கு நிற்கும் வயதிலும் இதே வறட்சிதான். ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போட்டால் நன்றாகக் கேட்கும்.

எனக்குச் செய்த சிகிச்சையைச் சொல்கிறேன். முதல் மருந்து, மருந்தை நிறுத்துவது! தடவிக் கொண்டிருந்த க்ரீம் அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் 'அரிப்பு க்ரீம்'களில் பலவற்றில் ஃபங்கஸ் மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறது. தேவையில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, அதனாலேயே காந்தும். அந்த இடத்தில் சோப்பு கூடாது, கிருமிநாசினி கூடாது, வாசனை போட்ட வாஷ் கூடாது. கஸ்தூரி மஞ்சளும் பயத்தமாவும் முகத்தோடும் கையோடும் நிற்கட்டும். வெறும் தண்ணீர் போதும். ஈரம் ஒற்றியபின் ஒரு துளி சுத்தமான தேங்காய் எண்ணெய் அல்லது வாசனையில்லாத வாசலின். (ஆணுறை உபயோகிக்கும் வீடுகளில் அந்த நேரத்தில் எண்ணெயோ வாசலினோ வேண்டாம், ரப்பர் கிழிந்துவிடும்.)

அடுத்தது 5 சதவீத லிக்னோகெய்ன் ஆயின்மென்ட், மரத்துப் போவதற்கு. பூசியதும் முதல் இரண்டு மூன்று நிமிஷம் சுரீரென்று எரியும். பயந்து கழுவிவிட வேண்டாம், பிறகு அடங்கும். ராத்திரி படுக்கும் முன் கொஞ்சம் பூசிக் கொள்ளச் சொன்னார்.

மாத்திரை 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின், இரவில் ஒன்று. மருந்துக் கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "மன அழுத்தத்துக்கா மேடம்?" என்று உரக்கக் கேட்டான். இது அதற்கும் கொடுக்கிற மாத்திரைதான், ஆனால் குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் பல வருஷங்களாகக் கொடுத்து வருகிறார்கள். எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டரே சொன்னார். எனக்கு ஐந்தாறு வாரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்தது. காலையில் தூக்கக் கலக்கம், வாய் வறட்சி, மலச்சிக்கல் உண்டு. இதயத் துடிப்பில் கோளாறு, கண் அழுத்தம் இருப்பவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுப்பவர்களும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது பிசியோதெரபி. இடுப்புத் தசைக்கென்று தனியாகப் பயிற்சி பெற்ற பெண்கள் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் 'இறுக்கிப் பிடி, விடு' என்று ஒரு பயிற்சி சொல்வார்களே, இந்த வலிக்கு அது ஆகாது. ஏற்கெனவே இறுகிய தசையை மேலும் இறுக்கினால் என்ன ஆகும்? இங்கே கற்றுக் கொள்ள வேண்டியது தளர்த்துவதை. வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சிழுத்து, அடித் தசையைத் தொங்கவிடுவதாக நினைத்து வெளிவிட வேண்டும். முழங்கால்களை அகட்டி மண்டியிட்டு, குதிகாலில் உட்கார்ந்து, நெற்றியைத் தரையில் வைக்கும் பாலாசனம் ஐந்து நிமிஷம். பிறகு எண்ணெய் தொட்ட விரலால் தசையை உள்ளிருந்து மெதுவாக அழுத்தித் தளர்த்தச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசியாக டைலேட்டர் என்ற வழவழப்பான குழல்கள், சுண்டு விரல் கனத்தில் தொடங்கிப் படிப்படியாக. முதல் நாள் கூச்சத்தில் உடம்பு கூனிக் குறுகிற்று. நாலாம் வாரம் அதுவும் பல் தேய்ப்பது மாதிரி ஒரு வேலையாகிவிட்டது. எட்டு மாதத்தில் என் 'எட்டு' 'இரண்டு' ஆயிற்று. எதற்கும் கேட்காமல் வாயருகே மட்டும் வலி நிலைத்துவிட்டவர்களுக்கு அந்தச் சவ்வைச் சிறிது எடுத்துவிடும் ஆபரேஷனும் உண்டு. அது கடைசிப் படி.

இனி வீட்டு விஷயம். என்னைப் பிடிக்காமல்தான் விலகிப் போகிறாள் என்று அவர் நினைத்துக் கொண்டிருந்தாராம். இருபது வருஷம் வாழ்ந்த மனிதர், வாய் திறந்து கேட்கவும் இல்லை. டாக்டர் இரண்டாம் தடவை அவரையும் அழைத்து வரச் சொன்னார். கடிகாரப் படத்தைக் காட்டி விளக்கினார். வீட்டுக்கு வரும் வழியில் அவர், "இவ்வளவு வலியா இருந்துச்சா? ஏன் இத்தனை நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தே?" என்றார். "எனக்கே என்னன்னு தெரியலீங்க, உங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றேன். டாக்டர் சொன்னபடி சில மாதங்கள் உறவு என்ற பேச்சே இல்லை. கையைப் பிடித்துக் கொண்டு பேசுவது, பக்கத்தில் படுப்பது, அவ்வளவுதான். நிர்ப்பந்தம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்ததும் உடம்பு தானாகத் தளர்கிறது. எந்த மாத்திரைக்கும் இது குறைந்ததல்ல என்பது என் அபிப்பிராயம்.

நான் எதிர்பாராதது என் மாமியார். நடுவில் பள்ளம் வைத்த மெத்தைத் தலையணை எதற்கு என்று கேட்டார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்துவிட்டு, "எனக்கும் இருந்துச்சு. மூணாவது புள்ளைக்கு அப்புறம். உங்க மாமா கிட்ட என்னத்தைச் சொல்றது?" என்றார்கள். எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருத்தியிடம் சொல்கிறார்கள். அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் எனக்குக் கேட்காமலே வாழைத்தண்டுப் பொரியல் வந்தது, மலச்சிக்கலுக்கு நல்லது என்று. வாஸ்தவம்தான். முக்கினால் அடித் தசை இறுகும்.

வலி கூடும் நாட்களுக்குச் சில கைப்பழக்கங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வைக்கலாம், நேராக வைக்கக் கூடாது. சிறுநீர் போகும்போது குவளையால் தண்ணீர் ஊற்றிக் கொண்டே போனால் எரிச்சல் குறையும். பருத்தி உள்ளாடை, அதுவும் ராத்திரியில் வேண்டாம், நைட்டி போதும். சோப்புத் தூள் போகத் துணியை இரண்டு தண்ணீர் அலச வேண்டும். வாசனை நாப்கினைவிடப் பருத்தித் துணி மேல். பிரயாணத்தில் நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து நிற்பேன், கண்டக்டர் முறைத்தாலும்.

டாக்டரிடம் போகும்போது வாய் வராது என்பதால் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு போங்கள்: எத்தனை மாதமாக, எந்த இடத்தில், எது பட்டால், என்னென்ன மருந்து போட்டாயிற்று. "பஞ்சுக் குச்சி வச்சுப் பார்க்கிறீங்களா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. உள்ளே பரிசோதிக்கும் கருவியில் சின்ன சைஸும் உண்டு. அதைக் கேளுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்தும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் சொன்னேன். "சரிம்மா, நீங்க கையைத் தூக்கினா நிறுத்திடறேன்" என்றார் அவர். மூன்று தடவை தூக்கினேன், மூன்று தடவையும் நிறுத்தினார்.