காரில் துருவா? பெயிண்ட் அடிப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

டிராம்பே, மாகுல், செம்பூர் பக்கம் இருக்கிறீர்களா? காரைத் திறந்தவெளியில் நிறுத்துகிறீர்களா? அப்படியென்றால் சக்கர வளைவையும் கதவின் கீழ் விளிம்பையும் இன்று ஒருமுறை குனிந்து பாருங்கள். பெயிண்ட் உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறம் தெரிந்தாலோ துரு தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

"மேலேயே ஒரு கோட் அடிச்சுடலாம் சார்" என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன்?

இங்கே ஏன் சீக்கிரம் துருப்பிடிக்கிறது?

இரும்பு, ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். டிராம்பேயின் ஒரு பக்கம் தானே கழிமுகம். உப்புக் காற்றுக்குக் குறைவில்லை. இன்னொரு பக்கம் சுத்திகரிப்பு ஆலைகள், உர ஆலை, அனல் மின் நிலையம். எரிபொருள் புகையிலுள்ள சல்பர் டை ஆக்சைடு ஈரத்தோடு கலந்தால் அமிலமாகும். போதாததற்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மி.மீ.க்கும் மேல் மழை.

கடலோர அரிப்பு சாதாரண விஷயமில்லை. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், இதை ஆராய மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது.

துருவின் மேல் பெயிண்ட் ஏன் நிற்காது?

துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் பெயிண்டை மேலே தள்ளும். அது நுண்துளைகள் கொண்டது. ஈரத்தையும் உப்பையும் உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். மேலே பளபளப்பாக இருந்தாலும் அடியில் அரிப்பு தொடரும்.

முதலில் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்க்ரூடிரைவர் முனையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். தகடு உறுதியாக இருந்தால் மேல்துருதான், நீங்களே சரிசெய்யலாம். முனை உள்ளே இறங்கினால் பட்டி வைத்து மூடாதீர்கள். அந்தப் பகுதியை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு வண்டியின் எடையைத் தாங்கும் பகுதி. அங்கே ஓட்டை என்றால் அது பாதுகாப்புப் பிரச்னை.

எப்படி எடுப்பது?

1. உப்பும் அழுக்கும் போக ஷாம்பூ போட்டுக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள்.

2. மாஸ்க், கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு 80-ம் நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். துருவைச் சுற்றி இரண்டு மூன்று செ.மீ. வரை நல்ல பெயிண்டையும் எடுங்கள். துரு அதன் அடியிலும் ஊர்ந்திருக்கும்.

3. வெள்ளித் தகடு தெரிந்ததும் 180, 320 என மாறி விளிம்பைச் சரிவாக்குங்கள். விரல் வைத்தால் படி தட்டக் கூடாது.

4. குழிகளில் கறுப்புப் புள்ளிகள் மிஞ்சினால் பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றி தடவலாம். அதன் மேல் உங்கள் ப்ரைமர் ஒட்டுமா என்று டப்பாவில் படித்துக்கொள்ளுங்கள். அமில மிச்சம் இருந்தால் சில எபாக்ஸி ப்ரைமர்கள் ஒட்டாது.

5. தின்னர் நனைத்த சுத்தமான துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

6. அன்றே எபாக்ஸி ப்ரைமர் அடியுங்கள். இதுதான் முக்கியம். மும்பை ஈரத்தில் வெறும் தகடு ஒரே இரவில் மறுபடி பழுப்பாகிவிடும்.

பட்டி தேவைப்பட்டால் ப்ரைமருக்கு மேல் வையுங்கள். பிறகு கலர், கடைசியில் கிளியர் கோட்.

எப்போது செய்யலாம்?

மழை நின்று காற்று உலர்ந்த பிறகு, நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். மழைக்காலத்திலேயே கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். காய்ந்த நாளாகப் பார்த்து, கூரைக்குக் கீழே ப்ரைமர் வரையாவது முடித்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது. தேய்மானம் வழக்கமான பாலிசிகளில் விலக்கு; துருவும் அதில்தான் வரும். செலவு உங்கள் பாக்கெட்டிலிருந்துதான். நகம் அளவு துருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சில உப்புத்தாள்களும் போதும். ஓட்டை விழுந்த பிறகு வெல்டிங், பட்டி, முழு பேனல் பெயிண்ட் என்று பில் நீளும்.

அடுத்த முறை கார் கழுவும்போது, கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளில் மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பல கதவுகளில் துரு தொடங்குவது அங்கேதான்.