இல்லம் தேடி வரும் துணை

"இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள்."

இவ்வார்த்தைகளைக் கேட்டுத் திகைத்து நின்ற குடும்பங்கள் நம் சங்கத்து அங்கத்தினரிடையே பல இருக்கக்கூடும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் யானும் அவ்வாறு நின்றேன். வயிற்றில் புற்றுநோய் கண்டிருந்த என் தந்தையாரை வாடகை வண்டியொன்றில் ஏற்றிக் கரமனையிலுள்ள எங்கள் வீட்டிற்குக் கொணர்ந்தோம்.

அதன்பின் மூன்று வார காலம் பட்ட பாடு பெரிது. யான் ரயில்வே குமாஸ்தா. இரவுப் பணியைத் தவிர்க்க இயலாது. அவ்விரவுகளில் என் மனைவி தன்னந்தனியே கண்விழித்திருந்தாள். தந்தையாரின் முதுகில் படுக்கைப்புண் கண்டது. வலி மிகும்போது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாரேயன்றி, எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லமாட்டார்.

ஒருநாள் எதிர்வீட்டு அம்மையார், "பாலியேட்டிவ் நர்ஸிடம் இன்னும் சொல்லவில்லையா?" என்று வியப்புடன் வினவினார். அச்சொல்லை யான் முன்னரே கேட்டதுண்டு. எனினும் அஃது ஏழைகளுக்கான தருமம் என்றும், திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த நமக்கு அதில் உரிமையில்லை என்றும் எண்ணி வாளாவிருந்தேன். இரண்டும் பிழை. வார்டு கவுன்சிலரிடம் சொன்னேன். சில நாட்களில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், ஆஷா ஊழியருடன் எங்கள் வாயிலில் வந்து நின்றார். எங்கள் தாய்மொழி யாதென அவர் கேட்கவில்லை, "அப்பூப்பா, எங்கே நோகிறது?" என்றுதான் கேட்டார்.

இத்தொண்டின் வரலாறு அறியத்தக்கது. 1993-ஆம் ஆண்டு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் நோய்த்தணிப்புப் பணியைத் தொடங்கினர். நோயைக் குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியைக் குறைக்க இயலும் என்பதே அவர்தம் கொள்கை. அயலாரும் தொண்டர்களாகச் சேர்ந்து நோயாளியின் வீடுகளுக்கே சென்றனர். 2003-இல் டாக்டர் ராஜகோபால் நம் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 'பாலியம் இந்தியா' என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இந்தியாவில் அவ்வாறு செய்த முதல் மாநிலம் இதுவே. அதன் பயனாய் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் நர்ஸ்கள் வீடு வீடாகச் செல்லும் ஏற்பாடு பரவிற்று.

வரும் நர்ஸ் புண்ணைக் கழுவிக் கட்டுவார். சிறுநீர்க் குழாயை மாற்றுவார். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறையை வீட்டாருக்குக் கற்பிப்பார். ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றினால் படுக்கைப்புண் பெரும்பாலும் வராது என்பதை நாங்கள் காலங்கடந்தே அறிந்தோம். உணவு இறங்காதபோது வற்புறுத்தி ஊட்டலாகாது. உதட்டையும் நாவையும் நனைத்து வந்தாலே போதிய ஆறுதல் உண்டாகும்.

வலிக்கு வைத்தியர் எழுதித் தந்தது மார்பின் மாத்திரை. "அபின் தின்று சாகவா?" என்று தந்தையார் மறுத்தார். கடும் வலிக்கு வைத்தியர் குறித்த அளவில் உண்டால் அது ஆயுளைக் குறைப்பதன்று, வெறிப்பழக்கமாவதும் அரிது. மலச்சிக்கல் உண்டாகுமாதலின் அதற்கும் உடன் மருந்து தருவர். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடுமையாயிருந்தமையால் நாட்டில் பல மருத்துவமனைகள் இம்மருந்தை வைத்திருக்கவே தயங்கின; 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாயிற்று.

நர்ஸ் மற்றொன்றும் செய்தார். என் மனைவியைத் தனியே அமரவைத்து, "நீ எப்போது உறங்கினாய்?" என்று கேட்டார். அவ்வினாவை நான் ஒருநாளும் கேட்டதில்லை. மறுநாளே தங்கையை ஊரிலிருந்து வரவழைத்து முறை வைத்துக்கொண்டோம். நோயாளியைப் பேணுபவரும் பேணப்பட வேண்டியவரே.

தந்தையார் புரட்டாசியில் அமைதியாக மறைந்தார். இறுதி வாரங்களில் எங்கள் முகம் பார்த்துப் பேசினார். ஊர்க் குளத்தையும் பழைய நண்பர்களையும் நினைவுகூர்ந்தார். வீணே கழிந்த அந்த மூன்று வாரங்களை எண்ணும்போது மட்டும் நெஞ்சம் இன்றும் உறுத்துகின்றது.

ஆதலின் அன்பர்காள், தீராநோய் கண்டவர் இல்லத்தில் இருப்பின், கடைசி நாள் வரை காத்திராதீர். ஆஷா ஊழியரிடமோ, கவுன்சிலரிடமோ, அருகிலுள்ள சுகாதார நிலையத்திலோ இன்றே சொல்லுங்கள். மருத்துவமனைச் சீட்டுகளை ஓரிடத்தில் சேர்த்து வையுங்கள். பெற்றோரை ஊரில் விட்டு வந்தோர், அங்குள்ள சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்; தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இத்தொண்டு சேர்க்கப்பட்டது. கேட்பதில் இழிவு யாதொன்றுமில்லை.