மலைத் தினைக்குருவி

"இது நம்முடைய வெள்ளவத்தைக் குருவிதானே, சேர்?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். ஹோர்ட்டன் சமவெளியிலே பனி விலகாத ஒரு காலைப்பொழுது. புற்கதிரொன்றைப் பற்றித் தலைகீழாய்த் தொங்கியவாறு விதை கொறித்துக்கொண்டிருந்தது அச்சிறு பறவை. கொழும்பிலிருந்து இரவெல்லாம் புகைவண்டியில் வந்த களைப்பு எனக்கு. "ஆம், தினைக்குருவிதான்" என்று கூறிவிட்டு நடந்தேன். ஆசிரியர்கள் செய்யும் தவறுகளுள் இது மிகப் பழையது.

இரண்டடி நடந்தபின்பே ஐயம் பிறந்தது. திரும்பிப் பார்த்தேன். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையிலே நாம் காணும் புள்ளிச் சில்லைக்குத் தொண்டை செங்கபிலம். இதற்கோ முகமும் தொண்டையும் கரி பூசினாற்போன்ற கறுப்பு. கழுத்தின் இருமருங்கும் இளஞ்செம்மை படர்ந்த மங்கல் நிறம். வயிற்றிலே கறுப்பும் வெள்ளையுமாய் நுண்ணிய செதிற்கோலம். அலகு முதல் வால் வரை பன்னிரண்டு சென்ரிமீற்றர் அளவே இருக்கும். மலைநாட்டுக்கே உரிய கருந்தொண்டைச் சில்லை அது.

மேனாட்டார் ஃபிஞ்ச் எனக் கூறும் விதையுண்ணிகளுள், இமயத்தின் பனிவரைக் காடுகளில் வாழும் இனங்கள் பல. அக்குடும்பத்துப் பறவையெதுவும் நம் மலைகளிற் கூடு கட்டுவதில்லை. அவ்விடத்தை இங்கே நிரப்புவது தினைக்குருவிக் குடும்பம். தடித்த கூம்பலகும் கூட்டமாய் வாழும் இயல்பும் இரண்டிற்கும் பொது. சிங்களவர் இவ்வினத்தை 'வீ குருல்லா', அதாவது நெற்குருவி, என்பர். நாமோ தினையின் பெயரால் அழைக்கின்றோம். தினைப்புனங் காத்த வள்ளியைக் கதிர்காமத்திற்கு உரியவளாக்கிக்கொண்ட நமக்கு அது பொருத்தமே. ஆயினும் சங்கப் புலவர் தட்டையும் கவணும் கொண்டு ஓட்டியது பெரும்பாலும் கிளியைத்தான்; இச்சிறு திருடன் அவர்கள் கண்ணுக்குத் தப்பினான் போலும்!

இப்பறவையின் அறிவியற் பெயரிலே ஓர் இலங்கையர் வாழ்கின்றார். எட்வேட் பிரெடரிக் கெலாட் 1819இல் இத்தீவிலே பிறந்தவர், படை மருத்துவர். நுவரெலியாவிற் பணியாற்றிய காலத்தில் மலைநாட்டு உயிரினங்களைத் தேடித் திரட்டி, 1852இல் இலங்கை விலங்கினங்களைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பிற்காலத்தில் முத்துச் சிப்பியின் வாழ்வை ஆராயுமாறு அரசாங்கம் அவரைப் பணித்தது. மன்னார்க் கடலும் திருகோணமலைக் கரையும் அவருக்கு ஆய்வுகூடங்களாயின. 1860இல் இங்கிலாந்துக்குச் செல்லும் வழியிற் கப்பலிலேயே காலமானார். மூன்றாண்டுகள் கழித்து, சென்னைப் படை மருத்துவரான ஜெர்டன் இக்குருவிக்கு அவர் பெயரைச் சூட்டினார். தம் பெயரால் இக்குருவி பறப்பதை அவர் அறியவேயில்லை.

இதே இனம் கடலுக்கப்பால் நீலகிரி முதலிய மேற்குத்தொடர் மலைகளிலும், கிழக்குத்தொடரின் சில பகுதிகளிலும் உண்டு. ஆனால் அங்குள்ளவற்றின் வயிற்றிலே நம் பறவையின் செதிற்கோலம் இல்லை. ஒரே சீரான இளஞ்செங்கபிலம். பனியுகங்களிற் கடல் தாழ்ந்திருந்தபோது தமிழகமும் இலங்கையும் ஒரே நிலமாயிருந்தன. அக்காலத்திற் குளிரும் சமநிலம் நோக்கி இறங்கியிருக்க, மலைப்பறவைகள் இடையே உலவியிருத்தல் கூடும். பின்னர் வெப்பம் ஏறிற்று. அவை மலைமேல் ஒதுங்கின. இன்று அவற்றைப் பிரிப்பது பாக்குநீரிணை மட்டுமன்று, இடையிலுள்ள வெஞ்சமவெளியுந்தான். மலையுச்சி ஒவ்வொன்றும் ஒரு தீவு!

உலக அளவில் இவ்வினம் அழிவை எதிர்நோக்குவதாகக் கணிக்கப்படவில்லை. எனினும் தீவிலே வாழ்வோர்க்குத் தப்பிச் செல்ல வேறிடம் ஏது? மலைச்சரிவுகளிற் காடிருந்த இடத்தைத் தேயிலை பிடித்து ஒன்றரை நூற்றாண்டு ஆகின்றது. எஞ்சிய ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று. 2010இல் உலக மரபுரிமையிலும் இடம்பெற்றது. இருந்தும் அங்கே முகிற்காட்டு மரங்கள் நுனி கருகி நின்றவாறே இறந்துபடுகின்றன. காரணம் இதுவென ஆய்வாளர் ஒருமுகமாய்க் கூறவில்லை. வெள்ளையர் கொண்டுவந்த மஞ்சட்பூ முட்செடியோ பத்தனைப் புல்வெளியை விழுங்குகின்றது. புல்லிலே இரையும், புதரிலே பந்துபோன்ற புற்கூடுமாய் வாழும் பறவைக்கு இவ்விரண்டும் வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலே கூட்டிலடைத்த குருவியை மட்டும் பார்த்தவருக்கு இது தொலைவான செய்தியாகத் தோன்றலாம். ஆனால் களனியின் ஊற்றுக்கண்களுட் சில அம்மலையிலேதான் உள்ளன. நம் வீட்டுக் குழாயிலே வருவது பெரும்பாலும் அந்த ஆற்று நீர்.

அன்று மாணவனைக் கூப்பிட்டு, நான் சொன்னது பிழையென்று ஒப்புக்கொண்டேன். அவன் சிரித்தான். குறிப்பேட்டிலே 'வெள்ளவத்தைக் குருவி' என்று முன்னரே எழுதியிருந்தான். அதை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது கூட்டம் முழுவதும் கிளம்பிப் பனிக்குள் மறைந்தது. "தொண்டை கறுப்பென்று நீங்கள் சொன்னதை எழுதட்டுமா, நானே பார்த்துவிட்டு எழுதட்டுமா?" என்று கேட்டான். இருவரும் ஒரு கல்லின்மேல் அமர்ந்து காத்திருந்தோம்.