பக்கத்தில் கிடந்தால் ஒரே கல்லா?

வானில் உடைந்து சிதறும் விண்கல்லின் துண்டுகள் சில சமயம் பல கிலோமீட்டர் நீளத்துக்கு விழுந்து கிடக்கும். பாலைவனத்திலோ பனிப்பரப்பிலோ அருகருகே அகப்படும் கற்களை ஒரே வீழ்ச்சியின் துண்டுகள் என்று எண்ணத் தோன்றுவது இதனால்தான். ஆனால் அருகில் கிடப்பது ஐயத்தை எழுப்பலாமே தவிர, சான்றாகாது.

சான்று தேடும் ஆய்வாளர்கள் முதலில் கல்லை அறுத்து, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்ப்பார்கள். அந்த அளவில் ஒளி ஊடுருவும். கல் விண்கற்களில் பெரும்பாலானவை காண்டிரைட்டுகள். நுண்ணோக்கியில் அவற்றுள் கடுகிலும் சிறிய உருண்டை மணிகள் தெரியும். மணிகளின் விளிம்பு தெளிவாக இருக்கிறதா, பழைய வெப்பத்தில் கரைந்து மங்கிவிட்டதா என்பதைப் பொறுத்துப் பெரும்பாலும் 3 முதல் 6 வரை எண் தரப்படும். அடுத்தது ஆலிவின் கனிமம். அதில் ஃபயலைட் எனும் இரும்புக் கூறு ஏறத்தாழ 16 முதல் 20 விழுக்காடு இருந்தால் 'எச்' வகை. 22 முதல் 26 வரை இருந்தால் 'எல்' வகை.

இந்த எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் பெரும்பாலும் கற்களும் வேறு. ஒத்துப்போனால்தான் சிக்கல். 'எச்5' மிகச் சாதாரணமான வகை. தொடர்பே இல்லாத இரண்டு 'எச்5' கற்கள் ஒரே இடத்தில் கிடக்கலாம். துருவை நம்பவும் முடியாது: ஒரே வீழ்ச்சியில் மண்ணில் புதைந்த துண்டும் வெளியே கிடந்த துண்டும் வெவ்வேறு வேகத்தில் துருப்பிடிக்கும். ஆகவே வயதைப் பார்க்க வேண்டும். விண்வெளியில் காஸ்மிக் கதிர் தாக்கிய காலத்தை நியான்-21 காட்டும். தரைக்கு வந்த காலத்தைக் கார்பன்-14 காட்டும். 'எச்' கற்களில் பல ஏறத்தாழ 70 லட்சம் ஆண்டுகள் கதிர்பட்டவை என்பதால் நியான் கணக்கு மட்டும் போதாது.

1969-இல் அண்டார்க்டிகாவின் யமாட்டோ மலையடிவாரத்தில் ஜப்பானியக் குழு ஒன்பது கற்களைப் பொறுக்கியது. ஆய்ந்தபோது என்ஸ்டடைட் காண்டிரைட், கார்பன் காண்டிரைட், டயோஜெனைட் எனப் பல வகைகள் வெளிப்பட்டன. வெவ்வேறு காலத்தில் விழுந்த கற்களை நகரும் பனியே அங்கே சேர்த்திருந்தது.

இதற்கு நேர் எதிரானது சூடானின் அல்மஹாட்டா சிட்டா வீழ்ச்சி. 2008 அக்டோபர் 7 அன்று நூபியப் பாலையின் மேல் உடைந்த சிறுகோளின் துண்டுகளில் யூரிலைட் எனும் வேறு வகைக் கற்களோடு காண்டிரைட்டுகளும் இருந்தன. பழைய கற்கள் கலந்துவிட்டனவோ என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் புதிதாக விழுந்த கல்லில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடிய, விரைவில் சிதைந்துபோகும் கதிரியக்க ஐசோடோப்புகள் அந்தக் காண்டிரைட்டுகள் சிலவற்றிலும் இருந்தன. பல வகைப் பாறைகள் ஒட்டிச் சேர்ந்த ஒரே சிறுகோள் அது.