பாரம் செல்லும் வழி

நுழையும்முன்

உடலை வலுப்படுத்தும் ஆர்வம் இன்று இளைஞரிடையே பெருகி வருகிறது. நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் உடற்பயிற்சிக் கூடங்கள் தோன்றியுள்ளன. அங்கு மிகுந்த எடையைக் கையாளும் பயிற்சிகள் கால்களுக்கும் இடுப்புக்கும் உரியவையே. அவற்றில் காயம் நேரும்போது, 'முறையாகச் செய்யவில்லை' என்று பயில்பவரைக் குறை கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே. கருவியின் வடிவத்துக்கும் காயத்தில் பங்கு உண்டு. உடலை அறிந்து கருவியை வடிவமைப்பது எங்ஙனம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கால்களே அடித்தளம்

நிற்றல், நடத்தல், ஏறுதல், ஓடுதல் ஆகிய அனைத்துக்கும் உடலின் கீழ்ப்பகுதியே அடித்தளம். உடலிலேயே பெரிய தசை பிட்டத்தில் அமைந்துள்ளது. மிக நீளமான எலும்பு தொடையில் உள்ளது. தசைகள் பாரத்தை எதிர்த்து உழைக்கும்போது வலுப்பெறுகின்றன. எலும்புகளும் தம்மீது விழும் பாரத்துக்கு ஏற்பத் தம்மை உறுதிப்படுத்திக்கொள்கின்றன. எனவே, கால்களை வலுப்படுத்த விரும்புவோர் கணிசமான எடையைத் தூக்கவே வேண்டியுள்ளது.

தோளில் எடையைத் தாங்கிக் குந்தி எழும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவ்வெடை முதுகெலும்பின் வழியே இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முழங்காலுக்கும், அங்கிருந்து கணுக்கால் வழியே தரைக்கும் செல்கிறது. இடையில் உள்ள ஒவ்வொரு மூட்டும் அதனைத் தாங்கியாக வேண்டும். ஆகவே, 'எவ்வளவு எடை?' என்பதற்கு முன்பாக, 'அவ்வெடை எவ்வழியே செல்கிறது?' என்று கேட்பவரே நல்ல வடிவமைப்பாளர்.

நெம்புகோலும் முதுகெலும்பும்

விசையின் திருப்புத்திறனை நீங்கள் இயற்பியலில் படித்திருப்பீர்கள். சுழல் புள்ளியிலிருந்து விசை எவ்வளவு தொலைவில் செயல்படுகிறதோ அவ்வளவுக்கு அதன் திருப்புத்திறன் மிகும். கதவைக் கீலின் அருகே தள்ளுவதைவிடக் கைப்பிடி அருகே தள்ளுவது எளிது என்பதற்கு இதுவே காரணம். இவ்விதி நம் முதுகெலும்பிலும் செயல்படுகிறது.

ஒருவர் முன்புறம் குனிந்து, 50 கிலோகிராம் எடையைக் கீழ்முதுகிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் பிடித்திருப்பதாகக் கொள்வோம். அந்த எடையைச் சமன் செய்யும் முதுகுத் தசைகள் முதுகெலும்பின் மையத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே உள்ளன. 40 என்பது 5-ஐப் போல எட்டு மடங்கு. எனவே, அத்தசைகள் 50 கிலோகிராமைப் போல எட்டு மடங்கு, அதாவது 400 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைச் செலுத்த வேண்டியுள்ளது. அவ்விசை முதுகெலும்பின் இடைத்தட்டுகளை அழுத்துகிறது. அவருடைய மேலுடலின் எடையை இக்கணக்கில் சேர்க்கவில்லை. அதே எடையை 20 சென்டிமீட்டர் தொலைவுக்கு நெருக்கிப் பிடித்தால் தசைகளின் உழைப்பு பாதியாகக் குறைகிறது. எடை மாறவில்லை, எடைக்கும் உடலுக்கும் உள்ள தொலைவு மட்டுமே மாறியிருக்கிறது.

இவ்வுண்மையைப் பட்டறிவால் உணர்ந்தோர் நம் ஊர்களிலும் இருந்தனர். இளவட்டக்கல்லைத் தூக்குபவர் அதனைக் கைநீட்டி எடுப்பதில்லை. குந்தி அமர்ந்து, கல்லை மார்போடு அணைத்து, முதலில் தொடைமீது ஏற்றி, பின்னர் நெஞ்சுக்கும் தோளுக்கும் கொண்டு செல்வார். ஒவ்வொரு நிலையிலும் கல் உடலை ஒட்டியே இருக்கும். ஆனால், இத்திறமை நெடுநாள் பழக்கத்தால் கைவருவது. பழகாதவருக்கும் அதே பாதுகாப்பைக் கருவியின் வடிவத்தாலேயே தர இயலுமா என்பதே வடிவமைப்பாளரின் வினா.

அதற்கு ஒரு விடை 1980-களில் அமெரிக்காவில் கிடைத்தது. பளுதூக்கும் வீரரான அல் ஜெரார்டு, கீழ்முதுகின் சுமையைக் குறைக்கும் நோக்குடன் புதியதொரு தண்டை உருவாக்கினார். வழக்கமான நேர்த்தண்டு, தூக்குபவரின் கால்களுக்கு முன்னால் கிடக்கும். ஜெரார்டின் தண்டோ ஒரு சட்டம்போல் அமைந்தது. தூக்குபவர் அதன் நடுவே நிற்பார். கைப்பிடிகள் உடலின் இரு பக்கங்களிலும் இருக்கும். இதனால் எடை உடலுக்கு முன்னால் அன்றி, உடலின் நேர்கோட்டிலேயே அமைகிறது. தோளையும் கழுத்தையும் இணைக்கும் டிரபீசியஸ் தசையின் பெயரால் இது 'டிராப் பார்' எனப்பட்டது. இன்று அறுகோண வடிவில் பரவலாகக் கிடைக்கிறது.

நேர்த்தண்டோடு இதனை ஒப்பிட்ட ஆய்வுகள், கீழ்முதுகிலும் இடுப்பிலும் திருப்புத்திறன் குறைவதையும், முழங்காலில் அது கூடுவதையும் காட்டியுள்ளன. இதனை நன்கு கவனிக்க வேண்டும். எந்த வடிவமும் பாரத்தை மறையச் செய்வதில்லை. ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு மாற்றித் தருகிறது. முதுகு வலி உள்ளவருக்கு நன்மை தரும் கருவி, முழங்கால் வலி உள்ளவருக்கும் நன்மை தரும் என்று கொள்ள இயலாது.

தோல்விக்கும் இடம் வேண்டும்

வலிமைப் பயிற்சிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பயில்பவர் தம் ஆற்றலின் எல்லைவரை செல்லவே முயல்கிறார். எனவே, என்றேனும் ஒரு நாள் எழ முடியாமல் போவது இயல்பு. அதனை எதிர்பாராத விபத்தாகக் கருதக்கூடாது. நிகழப்போகும் ஒன்றாகவே கருதி அதற்கு வழி அமைக்க வேண்டும்.

'பவர் ரேக்' எனப்படும் கூண்டுச் சட்டகம் இக்கருத்தின் விளைவே. நான்கு எஃகுத் தூண்களும், அவற்றின் துளைகளில் பொருத்தத்தக்க இரண்டு குறுக்குக் கம்பிகளும் இதில் உண்டு. பயில்பவர் குந்தும்போது தோளிலுள்ள தண்டு இறங்கும் கடைசி உயரத்துக்குச் சற்றே கீழே அக்கம்பிகளைப் பொருத்த வேண்டும். எழ முடியாதபோது இன்னும் சிறிது இறங்கினால் போதும். எடை முழுவதையும் கம்பிகள் தாங்கிக்கொள்ளும். இங்குத் துளைகளின் இடைவெளியும் முக்கியமானது. துளைகள் மிகவும் விலகி இருந்தால், கம்பி தேவையைவிட உயரமாகவோ தாழ்வாகவோ அமைந்துவிடும். தாழ்வாக அமைந்த கம்பி, இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

சாய்ந்து அமர்ந்து, எடைத் தட்டுகள் ஏற்றிய பலகையைக் கால்களால் தள்ளும் 'லெக் பிரஸ்' கருவியிலும் இதே கருத்து செயல்படுகிறது. அதன் தண்டவாளம் பெரும்பாலும் 45 பாகைச் சரிவில் இருக்கும். 100 கிலோகிராம் எடை ஏற்றினால், உராய்வைக் கணக்கில் கொள்ளாதபோது, கால்கள் உணர்வது ஏறத்தாழ 71 கிலோகிராம். முதுகுக்குச் சாய்மானம் இருப்பதால் இது முற்றிலும் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், பலகை அளவுக்கு மீறி இறங்கி, முழங்கால்கள் மார்பை நெருங்கும்போது இடுப்பு இருக்கையிலிருந்து மேலெழும்புகிறது. கீழ்முதுகின் இயல்பான வளைவு குலைகிறது. பாரம் மிகுந்திருக்கும் வேளையில் முதுகு வலுவிழந்த நிலைக்குச் செல்கிறது. பலகையை உரிய இடத்தில் நிறுத்தும் தடைகள் இதனைத் தடுக்கின்றன. அவை ஒவ்வொருவரின் கால் நீளத்துக்கும் ஏற்ப மாற்றத்தக்கனவாக இருத்தல் வேண்டும். பூட்டும் கைப்பிடி, இருக்கையில் சாய்ந்தபடியே எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும்.

மூட்டும் அச்சும்

இயந்திரத்தால் உடலைப் பயிற்றுவிக்கும் முயற்சிக்கு நெடிய வரலாறு உண்டு. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் 1865-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். நெம்புகோல்களும் எடைகளும் கொண்ட அவருடைய கருவிகளில், பயில்பவரின் ஆற்றலுக்கு ஏற்ப எதிர்ப்பை அளந்து கூட்டவும் குறைக்கவும் முடிந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது முழங்காலில் காயமுற்ற படைவீரர்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் நிறைந்திருந்தனர். இலேசான பயிற்சியைப் பலமுறை செய்விப்பதே அன்றைய வழக்கம். சிகாகோவில் பணியாற்றிய படை மருத்துவர் தாமஸ் டிலோர்ம், அவ்வழக்கத்தை மாற்றினார். நோயாளியின் பாதத்தில் இரும்புக் காலணியைக் கட்டி, அதில் படிப்படியாக எடையைக் கூட்டினார். தம் முறையை அவர் 1945-இல் கட்டுரையாக வெளியிட்டார். பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடையைக் கண்டறிந்து, முதலில் அதில் பாதி, அடுத்து முக்கால், இறுதியாக முழு எடை எனப் பயிற்றுவிக்கும் முறை பின்னர் உருப்பெற்றது. இன்றும் பயிற்றுநர்கள் இதனைப் பின்பற்றுகின்றனர்.

இரும்புக் காலணியில் ஒரு குறை இருந்தது. அமர்ந்தவரின் கால் நேராகத் தொங்கும்போது முழங்காலில் திருப்புத்திறன் சுழியாகும். கால் கிடைமட்டமாக நீளும்போது அது உச்சத்தை எட்டும். கால் முழுதும் நீளும் அந்நிலையில் தொடைத் தசையின் ஆற்றலோ குறைவு. தசை தளரும் இடத்தில் பாரம் மிகுந்தது. இத்தகைய முரண்பாட்டுக்கு அமெரிக்கரான ஆர்தர் ஜோன்ஸ் 1970 அளவில் ஒரு தீர்வு கண்டார். சங்கிலி ஓடும் சக்கரத்தை வட்டமாக அமைக்காமல், இடத்துக்கு இடம் ஆரம் மாறும் வளைவாக அமைத்தார். தசை வலுவாக உள்ள கோணத்தில் எதிர்ப்பு கூடும். வலு குறையும் கோணத்தில் எதிர்ப்பும் குறையும். அவ்வளைவு நாட்டிலஸ் என்னும் கடல் உயிரியின் ஓட்டை ஒத்திருந்ததால், கருவியும் அப்பெயரையே பெற்றது.

எனினும், முழங்கால் வெறும் கதவுக்கீல் அன்று. அது மடங்கும்போது தொடையெலும்பின் முனை உருள்வதோடு வழுக்கவும் செய்கிறது. ஆகவே, சுழலும் மையம் சற்றே இடம்பெயர்கிறது. இயந்திரத்தின் அச்சோ நிலையானது. இரண்டும் இயன்றவரை ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால், காலை அழுத்தும் மெத்தை மேலும் கீழும் இழுபட்டு, மூட்டில் தேவையற்ற விசையை உண்டாக்கும். சாய்மானத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி வெறும் சொகுசுக்காக வைக்கப்பட்டதன்று. மூட்டும் அச்சும் பொருந்துவதற்காகவே வைக்கப்பட்டது.

எடையற்ற இடத்தில் எடைப்பயிற்சி

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தங்குவோர் கால்களால் உடலைத் தாங்க வேண்டியதில்லை. அதனால் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதந்தோறும் 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறையக்கூடும். தொடக்கத்தில் அங்கிருந்த கருவி ஏறத்தாழ 136 கிலோகிராம் வரையே எதிர்ப்பைத் தந்தது. எலும்பைக் காக்க அது போதவில்லை. குந்தி எழும்போது புவியில் நாம் தூக்கும் நம் உடல் எடையையும் அங்குக் கருவியே தர வேண்டும் அல்லவா?

2008-ஆம் ஆண்டு நவம்பரில் நாசா புதிய கருவியை அனுப்பியது. எடைத் தட்டுகள் அங்குப் பயன்படா. எனவே, காற்று நீக்கிய இரண்டு உருளைகளின் உந்துதண்டுகளை இழுக்கும்போது எழும் எதிர்ப்பே பாரமாகிறது. அது 272 கிலோகிராம் வரை எட்டும். உண்மையான எடையைத் தூக்கும்போது உணரும் நிலைமத்தைச் சுழலும் சக்கரங்கள் தருகின்றன. பயிற்சியின் அதிர்வு நிலையத்தைத் தாக்காதவாறு தடுக்கும் அமைப்பும் உண்டு. இக்கருவியைப் பயன்படுத்தி, போதிய உணவும் உட்கொண்டோர், முன்னையோரைவிட எலும்பின் அடர்த்தியை நன்கு காத்துக்கொண்டனர்.

எல்லா உடலுக்கும் ஏற்றவாறு

போட்டிகளில் ஆடவர் தண்டின் எடை 20 கிலோகிராம், பிடியின் விட்டம் 28 மில்லிமீட்டர். மகளிர் தண்டின் எடை 15 கிலோகிராம், விட்டம் 25 மில்லிமீட்டர். கையின் அளவு வேறு என்பதால் கருவியின் அளவும் வேறாகிறது. நிலையான பயிற்சிக் கருவிகளின் பாதுகாப்புக்கென ஐ.எஸ்.ஓ. 20957 என்னும் பன்னாட்டுத் தர வரையறையும் உள்ளது. கருவி கவிழாமை, பாரம் தாங்கும் உறுதி, விரல் நசுங்காத அமைப்பு ஆகியவற்றை அது கருத்தில் கொள்கிறது.

கருவிகள் பெருந்தொழிற்சாலைகளில் மட்டுமே உருவாவதில்லை. உள்ளூர்ப் பட்டறைகளிலும் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டகங்கள் செய்யப்படுகின்றன. நாளை உங்களுள் ஒருவர் அத்தகைய சட்டகத்துக்கு வரைபடம் வரையலாம். மற்றொருவர் அதன் நடுவே நின்று எடையைத் தூக்கலாம். வரைபவர் துளையிடும் ஒவ்வோர் இடமும் தூக்குபவரின் முதுகையும் முழங்காலையும் தொடும். பயில்பவரின் கவனம் ஒரு நாள் தவறலாம். அன்று அவரைக் காப்பது, வடிவமைத்தவரின் முன்னறிவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலோ ஊரிலோ உள்ள உடற்பயிற்சிக் கருவி ஒன்றைப் பார்வையிட்டு, அதில் பாரம் செல்லும் வழியைப் படம் வரைந்து விளக்குக.

2. 'தோல்விக்கும் இடம் வேண்டும்' என்னும் கருத்து பொருந்தும் அன்றாடப் பொருள்கள் மூன்றினைக் குறிப்பிட்டு, காரணம் கூறுக.

3. நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துச் சுமப்பதையும் கைநீட்டிச் சுமப்பதையும் திருப்புத்திறன் அடிப்படையில் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.